தை மாதத்துக்குள் 65 கிலோ ஆக முடியுமா?

திண்டுக்கல் பக்கத்து நூற்பாலை ஒன்றில் வேலை பார்க்கும் 24 வயது இளைஞர், நோட்டுத் தாளில் ஆறு பக்கம் எழுதி அனுப்பியிருக்கிறார். அடையாளங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

உயரம் 172 செ.மீ., எடை 51 கிலோ. பள்ளியில் படித்தபோதே ‘நோஞ்சான்’ என்ற பட்டம் ஒட்டிக்கொண்டுவிட்டது. சித்திரை மாதம் பெண் பார்க்கப் போன வீட்டில், “மாப்பிள்ளைக்கு ஏதாவது சீக்கா?” என்று பெண்ணின் பெரியம்மா உள்ளறையில் கேட்டது இவர் காதில் விழுந்திருக்கிறது. அந்த வரன் தட்டிப்போனது. அடுத்த வாரமே ஜிம்மில் சேர்ந்தார். ஒரு மாதம் போனதும் எடை போட்டுப் பார்த்தால் ஒரு கிலோ குறைந்திருந்தது. பயிற்சியாளரிடம் 3,200 ரூபாய் கொடுத்து மூன்று கிலோ ‘மாஸ் கெய்னர்’ என்ற எடை கூட்டும் பவுடர் வாங்கினார். அதிலும் பெரிய மாற்றம் இல்லை. உடன் வேலை செய்யும் ஒருவர், “நாட்டு மருந்து, பக்கவிளைவே கிடையாது” என்று ஒரு டப்பா பொடி வாங்கித் தந்தார். ஐந்து வாரத்தில் ஏழு கிலோ ஏறியது. முகம் உப்பியது, எந்நேரமும் தூக்கம், அடங்காத பசி. பயந்துபோய் நிறுத்திவிட்டார். நிறுத்தி மூன்று வாரத்தில் ஏறிய எடை மொத்தமும் இறங்கிவிட்டது. இப்போது எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது, உடம்பெல்லாம் வலி, படி ஏறினால் அசதி.

அவர் கேட்பவை மூன்று. எந்தப் புரோட்டீன் பவுடர் நல்லது, அது சிறுநீரகத்தைக் கெடுக்குமா? ஜிம் மாஸ்டர் சொல்லும் ஊசியை ஒரே ஒரு ‘சைக்கிள்’, அதாவது ஒரு சுற்று மட்டும் போட்டுக்கொண்டால் என்ன? தை மாதம் அடுத்த வரன் பார்ப்பதற்குள் 65 கிலோ ஆக முடியுமா?

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அந்த வீட்டில் காபி டம்ளரைக் கையில் பிடித்தபடி அந்தச் சொல்லைக் கேட்டு, குடிக்கவும் முடியாமல் கீழே வைக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்ததை எழுதியிருக்கிறீர்கள். குண்டாக இருப்பவரிடம் சொல்லத் தயங்கும் பேச்சை, ஒல்லியாக இருப்பவரின் முகத்துக்கு நேரே சொல்லலாம் என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். அது காயப்படுத்தும். உங்களுக்குக் கோபம் வந்தது நியாயம். எடை கூட வேண்டும் என்ற ஆசையும் நியாயம்தான். உங்கள் உயரத்துக்கு 51 கிலோ குறைவு என்பதை மருத்துவனாக நானும் ஒப்புக்கொள்கிறேன்.

நீங்கள் கேட்ட மூன்றுக்கும் பதில் சொல்கிறேன். அதற்கு முன் நீங்கள் கேட்காத ஒன்றைப் பேசியாக வேண்டும். புரோட்டீன் பவுடரைக் கண்டு பயப்படுகிறீர்கள். உண்மையில் பயப்பட வேண்டிய பொருளை ஐந்து வாரம் நம்பிச் சாப்பிட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த டப்பா

உங்கள் கடிதத்தின் நான்காம் பக்கத்தில் ஒரு வரி. “வேலை முடிந்து செருப்பைக் கழற்றினால் வார் பதிந்த தடம் ராத்திரி வரைக்கும் காலில் அப்படியே இருந்தது. சதை பிடிக்கிறது என்று சந்தோஷப்பட்டேன்.” தம்பி, அது சதை இல்லை. தோலுக்கு அடியில் நீர் கோத்துக்கொண்டால்தான் வார் அப்படிப் பதிந்து நிற்கும். எங்களிடம் இப்படி வருகிறவரின் கணுக்காலுக்கு மேலே, எலும்பின் மீது கட்டைவிரலை வைத்துச் சில நொடி அழுத்துவோம். விரலை எடுத்தபின் குழி நின்றால் அது நீர்.

பெயர் இல்லாத எடை கூட்டும் பொடிகளில் கலப்பதாக மருத்துவர்கள் அடிக்கடி பார்ப்பவை இரண்டு. ஒன்று, டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை. முகத்தை உப்பவைக்கும், உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும், ரத்தச் சர்க்கரையை ஏற்றும். இன்னொன்று சைப்ரோஹெப்டடைன். அலர்ஜிக்குக் கொடுக்கும் மருந்து. பசியைக் கிளப்பும், தூக்கத்தில் ஆழ்த்தும். உப்பிய முகம், தூக்கம், அடங்காத பசி, வாரம் ஒன்றரை கிலோ ஏற்றம் என்று நீங்கள் எழுதிய நான்கும் இந்த இரண்டோடு பொருந்துகின்றன. பொடியைப் பரிசோதிக்காமல் இதுதான் என்று நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் இதுவாக இருக்கும் என்று எடுத்துக்கொண்டு நடப்பதே உங்களுக்குப் பாதுகாப்பு.

நம் சிறுநீரகங்களுக்கு மேலே அட்ரீனல் என்ற சிறு சுரப்பிகள் இருக்கின்றன. உடம்பு தாங்குவதற்குத் தேவையான கார்ட்டிசால் என்ற ஹார்மோன் அங்கேதான் சுரக்கிறது. வெளியிலிருந்து ஸ்டீராய்டு வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தால், ‘நமக்கு வேலை இல்லை’ என்று அந்தச் சுரப்பி ஓய்ந்துவிடும். திடீரென்று நிறுத்தும்போது வெளியிலிருந்து வருவதும் இல்லை, உள்ளே சுரப்பதும் இல்லை. எழுந்தால் தலைசுற்றல், உடம்பு வலி, அசதி எல்லாம் அந்த இடைவெளியில் வருபவை. மன உறுதி குறைந்துவிட்டதாக உங்களை நீங்களே திட்டிக்கொண்டிருக்கிறீர்கள். அப்படித் திட்டிக்கொள்ள ஒன்றுமே இல்லை.

இந்த வாரமே ஒரு பொது மருத்துவரையோ அரசு மருத்துவமனை மருத்துவப் பிரிவையோ பாருங்கள். காலை எட்டு மணி வாக்கில் எடுக்கும் ரத்தத்தில் கார்ட்டிசால் அளவு, ரத்தச் சர்க்கரை, சோடியம், பொட்டாசியம் ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். இரவு ஷிப்ட் முடித்து நேராகப் போனால் அதையும் சொல்லுங்கள். தூங்கும் நேரம் மாறினால் கார்ட்டிசால் அளவும் மாறும். இதற்கிடையே வாந்தி, வயிற்று வலி, காய்ச்சல், மயக்கம் என்று எது வந்தாலும் ஷிப்ட் முடியட்டும் என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போங்கள். அங்கே முதல் வார்த்தையாக, “ஐந்து வாரம் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடிய பொடி சாப்பிட்டு நிறுத்திவிட்டேன்” என்று சொல்லுங்கள். அந்த ஒரு வாக்கியம் உயிரைக் காப்பாற்றும். தெம்பு வேண்டும் என்று அதே பொடியை மீண்டும் தொட்டுவிடாதீர்கள்.

மீதி அரை டப்பாவைச் சித்தப்பா மகனுக்குக் கொடுக்கப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். கொடுக்க வேண்டாம். குப்பையிலும் போட வேண்டாம். அப்படியே மூடி மருத்துவரிடம் எடுத்துப் போங்கள். விற்ற இடம் தெரிந்தால், மாவட்ட மருந்து ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுக்க அது சான்று.

‘நாட்டு மருந்து’ என்ற சொல்லையும் கொஞ்சம் நேராக்க வேண்டும். சித்த மருத்துவத்தை நான் குறை சொல்லவில்லை. உரிமம் பெற்ற சித்த மருந்தின் அட்டையில் தயாரிப்பாளர் முகவரி, உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி எல்லாம் அச்சாகியிருக்கும். உங்கள் டப்பாவில் இருந்தது ஒரு மல்லன் படம் மட்டும். அந்த மருத்துவத்தின் நல்ல பெயரை வைத்து யாரோ சம்பாதிக்கிறார்கள்.

ஒல்லிக்குக் காரணம் உண்டா?

உங்கள் உயரத்துக்கு 55 கிலோவைத் தொட்டால் ‘எடை குறைவு’ என்ற கோட்டைத் தாண்டிவிடுவீர்கள். அந்தக் கோட்டுக்கும் உங்களுக்கும் நான்கு கிலோதான் தூரம். உங்கள் அப்பா கல்யாணத்தின்போது 54 கிலோதான் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். ஆகவே உங்கள் மெலிவில் ஒரு பங்கு பிறவி வாகு. அதில் நோய் எதுவும் இல்லை.

ஆனாலும் பரிசோதிக்காமல் அப்படி முடிவு செய்துவிடக் கூடாது. தைராய்டு அதிகமாகச் சுரந்தால் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பு கரையும். கை நடுக்கம், படபடப்பு, வியர்வை கூடவே வரும். இளம் வயதில் வரும் சர்க்கரை நோயும் மெலியவைக்கும். குடல் புழு, நாள்பட்ட வயிற்றுப்போக்கு, ரத்தச்சோகை ஆகியவற்றையும் பார்க்க வேண்டும். எல்லாவற்றையும்விட நம் நாட்டில் மறக்கக் கூடாதது காசநோய். ஸ்டீராய்டு உடம்பின் எதிர்ப்பைக் குறைத்து, உள்ளே உறங்கிக் கிடக்கும் காசநோய்க் கிருமியை எழுப்பிவிடக்கூடியது. மெலிந்த உடம்பு, பஞ்சுத் தூசியில் வேலை, அதன்மேல் ஐந்து வாரப் பொடி. அதனால் மார்பு எக்ஸ்ரே ஒன்று எடுத்தே தீர வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளிப் பரிசோதனையும். அரசு சுகாதார நிலையங்களில் அது இலவசம்.

புரோட்டீன் பவுடர்: அம்மாவின் பயம், மாஸ்டரின் பேச்சு

சர்க்கரை நோயால் டயாலிசிஸுக்குப் போகும் மாமாவைப் பார்த்துவிட்டு, “பவுடர் குடித்தால் கிட்னி போய்விடும்” என்று அம்மா அழுததாக எழுதியிருக்கிறீர்கள். அம்மாவிடம் பொறுமையாகச் சொல்லுங்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கும் ஒருவருக்கு, அளவோடு எடுக்கும் புரோட்டீன் பவுடர் அதைப் பழுதாக்குவதில்லை. ஏற்கெனவே பழுதாகியிருந்தால் அதிகப் புரதம் சுமைதான். எனவே ஒருமுறை சிறுநீரில் புரதம் போகிறதா என்றும், சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் ரத்தத்தில் எவ்வளவு என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சந்தேகமும் தீரும், அம்மாவும் தூங்குவார்.

வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து பாலாடைக்கட்டி செய்யும்போது பிரியும் நீரைப் பொடியாக்கியது. அதில் மந்திரம் எதுவும் இல்லை, விஷமும் இல்லை. ஒரு கரண்டியில் சுமார் 24 கிராம் புரதம் இருக்கும். நான்கு முட்டையில் இருப்பதும் அவ்வளவுதான்.

நீங்கள் வாங்கியது வே புரோட்டீன்கூட இல்லை. மாஸ் கெய்னர் டப்பாவின் அட்டையில் இருப்பதைக் கடைசிப் பக்கத்தில் வரி விடாமல் எழுதி அனுப்பியிருக்கிறீர்கள். அதற்கு நன்றி, எனக்கு வேலை எளிதாயிற்று. 100 கிராமில் புரதம் 15 கிராம், மாவுச்சத்து 78 கிராம். சேர்மானப் பட்டியலில் முதல் பெயர் மால்ட்டோடெக்ஸ்டிரின். எடையில் எது அதிகமோ அதைத்தான் பட்டியலில் முதலில் போட வேண்டும் என்பது விதி. மால்ட்டோடெக்ஸ்டிரின் என்பது ஸ்டார்ச்சிலிருந்து எடுக்கும் மாவுப்பொருள். கிட்டத்தட்ட சர்க்கரையின் வேகத்தில் ரத்தத்தில் கலக்கும். 3,200 ரூபாயை 30 வேளைக்குப் பிரித்தால் ஒரு வேளைக்கு 107 ரூபாய். அந்த விலைக்கு உங்களுக்குக் கிடைத்தது சாக்லேட் வாசனையோடு கொஞ்சம் மாவும், இரண்டரை முட்டைக்குச் சமமான புரதமும்.

எவ்வளவு புரதம் வேண்டும்? ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம், சாதாரண ஆளுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.83 கிராம் போதும் என்கிறது. உங்களுக்கு அது 42 கிராம். எடை தூக்கிப் பயிற்சி செய்பவருக்கு இன்னும் கூடுதலாக வேண்டும். ஆனால் கிலோவுக்கு 1.6 கிராமுக்கு மேல் போனால் தசை வளர்ச்சிக்குக் கூடுதல் பலன் இல்லை என்று அதே நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டி சொல்கிறது. உங்கள் கணக்கில் 82 கிராம். மாஸ்டர் சொன்ன 150 கிராமில் பாதியை உடம்பு எரித்துத்தான் தீர்க்கும். தசை வளர்க்கப் புரதப் பவுடர்களைத் தவிர்க்கவே அந்த வழிகாட்டி அறிவுறுத்துகிறது. நான் அவ்வளவு கறாராகச் சொல்ல மாட்டேன். ஷிப்ட் வேலையில் சமைக்க நேரமில்லாதவருக்கு நாளுக்கு ஒரு கரண்டி உதவலாம். உங்களுக்கு இப்போது அது தேவைப்படவில்லை, ஏன் என்பதை அடுத்து சொல்கிறேன்.

பின்னால் எப்போதாவது வாங்கினால், உணவுப் பாதுகாப்பு ஆணையம் தரும் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. உரிம எண் இருக்கிறதா, மூடி முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பாருங்கள், பில் கேளுங்கள். இந்தியச் சந்தையில் விற்கும் 36 புரோட்டீன் பவுடர்களைக் கேரள மருத்துவர்கள் சோதித்து 2024-இல் வெளியிட்ட ஆய்வில், சுமார் 70 சதவீதத்தில் அட்டையில் சொன்ன புரத அளவும் உள்ளே இருந்த அளவும் ஒத்துப்போகவில்லை. ஜிம் அலமாரியிலிருந்து முத்திரை இல்லாமல் எடுத்துக் கொடுப்பதை வாங்கவே வேண்டாம்.

தசை வலுவுக்கு என்று ஜிம்மில் எடுக்கும் கிரியேட்டின் பற்றியும் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். நலமாக இருப்பவர் நாளுக்கு 3 முதல் 5 கிராம் எடுப்பதில் தீங்கு காணப்படவில்லை. ஆனால் அது ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் அளவைக் கூட்டிக் காட்டி உங்களையும் அம்மாவையும் பயமுறுத்தும். இந்த அட்ரீனல் விஷயம் தெளிவாகும் வரை வேண்டாம்.

தட்டில் எது குறைகிறது?

நீங்கள் எழுதிய ஒரு நாள் சாப்பாட்டைக் கூட்டிப் பார்த்தேன். எழுந்ததும் தேநீர், பன். மதியம் சோறு, சாம்பார், ஒரு பொரியல். இரவு நான்கு இட்லி, சில நாள் பரோட்டா. நடுவே மில் வாசலில் மூன்று நான்கு தேநீர். முட்டை வாரம் இரண்டு. மொத்தம் 1,900 கலோரிக்குள், புரதம் 40 கிராமுக்குக் கீழே. இயந்திரங்களுக்கு நடுவே எட்டு மணி நேரம் நடக்கும் உங்கள் உடம்புக்கு நிலையாக நிற்கவே சுமார் 2,300 கலோரி வேண்டும். அதற்குமேல் ஜிம் பயிற்சி. ஜிம்மில் சேர்ந்ததும் ஒரு கிலோ குறைந்தது ஏன் என்று வியந்திருக்கிறீர்கள். செலவைக் கூட்டினீர்கள், வரவைக் கூட்டவில்லை.

“நான் எவ்வளவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது” என்ற உங்கள் வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒல்லியாக இருக்கும் பலர் இதையே சொல்வார்கள், மனதாரத்தான் சொல்வார்கள். கல்யாணப் பந்தியில் வளைத்துக் கட்டியது நினைவில் நிற்கும். அடுத்த இரண்டு நாள் தேநீரிலேயே ஓடியது நினைவில் நிற்காது. உங்கள் பசியைத் திருடுவது அந்தத் தேநீர்தான். சாப்பாட்டோடு குடித்தால் இரும்புச்சத்து சேர்வதையும் அது தடுக்கும். நாளுக்கு இரண்டோடு நிறுத்துங்கள், சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள்.

இப்போது சாப்பிடுவதில் வேறு எதையும் மாற்ற வேண்டாம். அதன்மேல் இவற்றைச் சேருங்கள்:

- எழுந்ததும், காலையோ மாலையோ ஷிப்டைப் பொறுத்து, ஒரு பெரிய டம்ளர் பால், இரண்டு வாழைப்பழம்.
- மில்லுக்குப் போகும்போது ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம், வறுத்த வேர்க்கடலை. சட்டைப் பையில் கொண்டுபோகலாம்.
- இரண்டு முட்டை, வேகவைத்தது.
- சோற்றோடு ஒரு பெரிய கிண்ணம் தயிர்.

இந்த நான்கில் மட்டும் சுமார் 900 கலோரியும் 40 கிராம் புரதமும் வந்துவிடும். செலவு ஏறக்குறைய 60, 70 ரூபாய். 107 ரூபாய்ப் பொடியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வாரம் இரண்டு நாள் மத்தி மீனோ கோழியோ, மற்ற நாளில் ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டலோ மீல்மேக்கர் குழம்போ சேர்ந்தால் 82 கிராமைத் தாண்டிவிடுவீர்கள். மீல்மேக்கரில் பாதி எடை புரதம். அதைச் சாப்பிட்டால் ஆண்மை போய்விடும் என்று யாரோ சொன்னதை நம்ப வேண்டாம். சமையலில் சேர்க்கும் அளவில் அப்படி எதுவும் ஆவதில்லை.

மாஸ்டர் காலையில் நான்கு பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கச் சொல்கிறார் என்கிறீர்கள். வேகவைத்த முட்டைப் புரதத்தில் ஏறக்குறைய 90 சதவீதத்தை உடம்பு எடுத்துக்கொள்கிறது. பச்சை முட்டையில் பாதியளவுதான். சால்மொனெல்லா கிருமியால் வயிற்றுப்போக்கு வந்தால் சேர்த்த எடையும் போகும். நான்கைப் பச்சையாகக் குடிப்பதும் இரண்டை வேகவைத்துச் சாப்பிடுவதும் கணக்கில் ஏறக்குறைய ஒன்றுதான்.

‘இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு’ என்பார்கள். எள்ளில் பாதிக்குச் சற்றுக் குறைய எண்ணெய், அதோடு புரதமும் சுண்ணாம்புச் சத்தும். குறைந்த வயிற்றிடத்தில் நிறையக் கலோரி. உங்களைப் போல நான்கு இட்லியிலேயே வயிறு நிறைந்துவிடுபவருக்கு இப்படிப்பட்ட உணவுதான் கைகொடுக்கும். அம்மாவிடம் எள்ளுருண்டை பிடித்துத் தரச் சொல்லுங்கள். இட்லிப் பொடியில் நல்லெண்ணெயைத் தாராளமாக ஊற்றிக்கொள்ளுங்கள்.

அந்த ஊசி

இதில் நான் சுற்றிவளைக்க மாட்டேன். வேண்டாம். ஒரு சைக்கிள்கூட வேண்டாம்.

மாஸ்டர் ‘டெஸ்டோ’ என்று சொல்வது டெஸ்டோஸ்டிரோன் ஊசி, ஆண் ஹார்மோன். அது தசையை வளர்க்கும் என்பது உண்மைதான். இல்லை என்று சொன்னால் நீங்கள் என்னை நம்ப மாட்டீர்கள், கண்ணெதிரே வளர்ந்தவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். அவர்கள் உங்களிடம் காட்டாததைச் சொல்கிறேன். அட்ரீனலுக்குச் சொன்ன அதே கதைதான். வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைகளுக்கு அனுப்பும் உத்தரவை நிறுத்திவிடும். விரை சுருங்கும், விந்தணு குறையும், சிலருக்கு அறவே இல்லாமல் போகும். உலக சுகாதார நிறுவனம் இந்த ஊசியை ஆண்களுக்கான கருத்தடையாகவே சோதித்துப் பார்த்து 1990-இல் முடிவுகளை வெளியிட்டது. நிறுத்திய பின் திரும்பி வர மாதக்கணக்கு ஆகும், சிலருக்கு ஓராண்டுக்கு மேலும். தை மாதம் கல்யாணம் பேச வேண்டும் என்று நினைக்கிற நீங்கள், கல்யாணத்துக்காகவே இதைப் போட்டுக்கொள்ளப் பார்க்கிறீர்கள்.

போன வருடம் என் முன்னால் உட்கார்ந்திருந்த ஒருவருக்கு உங்களைவிட இரண்டு வயது அதிகம். நல்ல புஜம், அகன்ற தோள். சட்டையைக் கழற்றச் சொன்னதும் தயங்கினார். உள்ளே இறுக்கமான பனியன் இரண்டு போட்டிருந்தார். மார்பு பெண்களுக்குப் போல வளர்ந்திருந்தது, ஒரு பக்கம் தொட்டால் வலி. மனைவிக்கு முன்னால்கூடச் சட்டை மாற்றுவதில்லை என்றார். உடம்பில் மிஞ்சும் டெஸ்டோஸ்டிரோனில் ஒரு பங்கு பெண் ஹார்மோனாக மாறுவதால் வருவது அது. அப்படி வளர்ந்து நின்றுவிட்ட சதையை அறுவை சிகிச்சையில்தான் எடுக்க முடியும்.

இதயத் தசை தடிப்பதும், நல்ல கொழுப்பு குறைவதும், மாத்திரை வடிவில் வரும் தசை வளர்ப்பு ஸ்டீராய்டுகளால் ஈரல் கெடுவதும் தனி. ஒரே குப்பியிலிருந்து பலருக்கு ஏற்றினால் மஞ்சள் காமாலைக் கிருமியும் எச்.ஐ.வி.யும் பரவலாம். ‘பயிற்சிக்கு முன் சுறுசுறுப்புக்கு’ என்று சில இடங்களில் கொடுக்கும் மெஃபென்டெர்மின் ஊசியையும் தொடாதீர்கள். அறுவை சிகிச்சையில் சரியும் ரத்த அழுத்தத்தை ஏற்றுவதற்கான மருந்து அது. ஜிம்மில் அதற்கு வேலை இல்லை, இதயத்தைப் படபடக்கவைத்து அடிமையாக்கிவிடும்.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. இவை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத மருந்துகள். ஜிம் பயிற்சியாளர் விற்பதும் ஏற்றுவதும் குற்றம். மாஸ்டரோடு சண்டை போடச் சொல்லவில்லை. ‘டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார்’ என்று என் தலையில் போட்டுவிடுங்கள். அதன் பிறகும் வற்புறுத்தினால் ஜிம்மை மாற்றுங்கள். மாஸ் கெய்னர் பற்றிப் புகார் சொல்ல வேண்டுமானால் மாவட்ட உணவுப் பாதுகாப்பு நியமன அலுவலரிடம் போகலாம், பில் இருந்தால் வழக்கு வலுக்கும்.

பயிற்சி, தூக்கம்

பரிசோதனை முடிவு வந்து மருத்துவர் சரி என்னும் வரை எடை தூக்க வேண்டாம், நடை போதும். அதன்பின் வாரம் ஆறு நாள் கையையும் மார்பையும் மட்டும் வதைப்பதை விட்டுவிட்டு, மூன்று நாள், 45 நிமிடம் போதும். தண்டால், பஸ்கி, கம்பியில் தொங்கி ஏறுவது, முதுகுக்கும் தொடைக்கும் எடை. உடம்பின் பெரிய தசைகள் தொடையிலும் முதுகிலும் இருக்கின்றன; உங்கள் பட்டியலில் கால் பயிற்சியே இல்லை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எடையைக் கொஞ்சம் கூட்டுங்கள். தசை வளர்வது ஓய்வில்தான். இரவு ஷிப்ட் முடிந்து வந்தால் சன்னலில் கறுப்புத் துணி கட்டி ஏழு மணி நேரம் தூங்குங்கள், போனைச் சமையலறையில் வைத்துவிடுங்கள்.

தை மாதம்

ஆவணிக் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். தைக்கு நான்கு மாதம். வாரம் கால் கிலோ முதல் அரைக் கிலோ வரை ஏறினால் அது பெரும்பாலும் நல்ல எடை. அதைவிட வேகமாக ஏறுவது கொழுப்போ நீரோதான். அந்தக் கணக்கில் தை பிறக்கும்போது 55 முதல் 59 கிலோ வரை இருக்கலாம். 65 ஆக முடியாது. இப்படியே போனால் இரண்டு ஆண்டுக்குள் முடியும், உங்கள் உயரத்துக்கு அது நல்ல எடை. ஆறு கிலோ கூடினாலும் கன்னத்தில் குழி குறையும், சட்டை தோளில் நிற்கும், படி ஏறினால் மூச்சு வாங்காது. பெண் பார்க்கப் போகும்போது கொண்டுபோக அது போதும். அந்தப் பெரியம்மாவின் கேள்வி மறுபடி எந்த வீட்டில் எழுந்தாலும், “எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்தாயிற்று, எனக்கு ஒரு சீக்கும் இல்லை” என்று நீங்களே நேரில் சொல்லலாம். அப்படிச் சொல்ல அந்தப் பரிசோதனைகளை முதலில் செய்தாக வேண்டும்.

வாரம் ஒருநாள், எழுந்ததும், ஒரே தராசில் எடை பாருங்கள். தினமும் பார்க்க வேண்டாம். கார்ட்டிசால் முடிவு வந்ததும் அந்தத் தாளின் நகலை எனக்கு அனுப்புங்கள். அதைப் பார்த்துவிட்டுப் பயிற்சியை எப்போது தொடங்கலாம் என்று எழுதுகிறேன்.